பெண்கள் மட்டும் கூடும் இடம்: தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

இளவேனில் கேட்டது:

இருபத்திரண்டு பேர் கொண்ட ஒரு வாசிப்புக் குழு. அதில் பதின்மூன்று பேர் பெண்கள். மாதம் ஒருமுறை பெண்கள் மட்டும் கூடும் அமர்வு வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ‘இது பிரிவினைவாதப் பெண்ணியம், குழு உடைந்துவிடும்’ என்கிறார்கள் சிலர். ‘மாதத்தில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால் அது பிரிவினையா?’ என்று கேட்கிறார்கள் மற்றவர்கள்.

விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்விகள். பிரிவினைவாதப் பெண்ணியம் என்பது உண்மையில் எது, பெண்கள் மட்டும் கூடும் இடமும் அதில் அடங்குமா? இதை முழு அளவில் செய்து பார்த்த குழுக்கள் எங்கே சறுக்கின? விதி எழுதுவதென்றால் எதையெல்லாம் எழுத வேண்டும்? யார் வரலாம், மகனோடு வரும் தாய் என்ன செய்வார், திருநங்கையர், பணம், உள்ளே பேசியது வெளியே போவது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறேன். செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்காந்தள்:

இளவேனில், பாதிச் சண்டை அந்தச் சொல்லால் வருவது. தமிழில் பிரிவினை என்றதும் சொத்தோ நாடோ துண்டாவதுதான் நினைவுக்கு வரும். செப்பரேட்டிசம் என்று பெண்ணியத்தில் சொல்வது அதுவல்ல. ‘தனித்து நிற்றல்’ என்றால் ஓரளவு நெருங்கும். பள்ளியில் படித்த இலக்கணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிதல் தன்வினை, பிரித்தல் பிறவினை. பெண்களைப் பிறர் பிரித்து வைப்பது உலகத்துக்குப் புதிதே அல்ல. வழிபாட்டிடம், பள்ளி, வேலையிடம், வீட்டின் உள்ளறை என்று எங்கும் நடந்திருக்கிறது, அதைக் கண்டு பெரும்பாலோர் பதறியதில்லை. பெண்கள் தாங்களாகப் பிரிந்து உட்காரும்போதுதான் பதற்றம் வருகிறது.

மர்லின் ஃப்ரை என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1970களின் பிற்பகுதியில் எழுதிய கட்டுரையின் வரையறையும் இதுதான். ஆண்களிடமிருந்தும், ஆண்கள் வகுத்து ஆண்களின் நலனுக்காக இயங்கும் நிறுவனங்கள், உறவுகள், பொறுப்புகள் ஆகியவற்றிலிருந்தும் பெண்கள் தம் விருப்பத்தால் தொடங்கி, தம் விருப்பத்தால் தொடரும் விலகல். இவ்வளவு விலகினால்தான் கணக்கு என்று அவர் அளவு வைக்கவில்லை. உறவை முறிப்பது, ஒருவரை வீட்டுக்குள் விடாதது, ஓர் அமைப்பை விட்டு வெளியேறுவது, ஒரு கூட்டத்துக்குப் பெண்களை மட்டும் அழைப்பது எல்லாம் அவர் பார்வையில் ஒரே கோட்டில் உள்ள புள்ளிகள். அதிகாரம் உள்ளவர் மற்றவரை நினைத்த நேரத்தில் அணுக முடியும், அதிகாரம் இல்லாதவரால் அந்த அணுகலைத் தடுக்க முடியாது என்பது அவர் வாதம். ஆகவே உள்ளே என்ன பேசப்படுகிறது என்பதற்கு முன்பே, ‘இப்போது வர வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததே ஆட்சேபத்தைக் கிளப்பிவிடுகிறது. உங்கள் குழுவில் முதல் அமர்வுக்கு முன்பே எதிர்ப்பு வந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், ஒரே குடும்பம்தான், ஆனால் அளவு வேறு. அளவை வைத்துப் பேசினால் வாதம் தெளியும்.

ஒரு முனையில் நேரம் மட்டும் தனி. உங்கள் இரண்டு மணி நேரம் இது. அடுத்தது அமைப்பு தனி. 1968இல் பாஸ்டனில் தொடங்கிய செல் 16, அதே ஆண்டு நியூயார்க்கில் பெண்ணியவாதி டி-கிரேஸ் அட்கின்சன் முதலியோர் தொடங்கிய தி ஃபெமினிஸ்ட்ஸ் ஆகியவை இந்த வகை. தி ஃபெமினிஸ்ட்ஸ் ஒரு படி மேலே போய், ஆணுடன் வாழும் பெண்கள் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. அதற்கும் அடுத்தது வீடும் பணமும் தனி. 1971இல் வாஷிங்டனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த தி ஃப்யூரீஸ் இதற்கு எடுத்துக்காட்டு. பெண்கள் ஆண்களை நம்பியிருக்க வேண்டாம் என்று கார் பழுதும் வீட்டுப் பழுதும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1972 ஜனவரியில் பத்திரிகையும் தொடங்கினார்கள். அந்த ஆண்டே கூட்டு வாழ்க்கை கலைந்தது, பத்திரிகை 1973 வரை ஓடியது. இதற்கும் அப்பால் நிலமே தனி. கென்யாவின் சம்புருப் பகுதியில் 1990இல் பதினைந்து பெண்கள் அமைத்த உமோஜா கிராமம் பாசிமணி விற்றும், பயணிகளுக்குத் தங்குமிடம் நடத்தியும் இன்றுவரை நிற்கிறது. தென் கொரியாவில் 2010களின் நடுப்பகுதியில் எழுந்த ‘நான்கு பி’ இயக்கத்துக்குக் கூடும் இடம்கூடத் தேவையில்லை. திருமணம், மகப்பேறு, காதல், ஆணோடு உடலுறவு நான்கையும் மறுப்பது அது. கொரிய மொழியில் ‘பி’ என்பது எதிர்மறை முன்னொட்டு.

இது அமெரிக்காவில் பிறந்த மோகம் என்று யாராவது சொன்னால் பெகீன்களைச் சொல்லுங்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் பெண்கள் மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் தனியாக வாழ்ந்தார்கள். கன்னியாஸ்திரீகள்போல் வாழ்நாள் உறுதிமொழி கிடையாது. சொத்தை வைத்துக்கொள்ளலாம், துணித் தொழிலிலும் நோயாளிகளைப் பராமரிப்பதிலும் சம்பாதிக்கலாம், வேண்டுமானால் வெளியேறித் திருமணமும் செய்துகொள்ளலாம். கடைசிப் பெகீன் இறந்தது 2013இல். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு நீடித்த ஏற்பாடு அது. சட்டென்று வெளியேற முடிந்ததும் சொந்த வருமானம் இருந்ததும் அந்த நீடிப்பில் பெரும் பங்கு வகித்தன என்பது என் கணிப்பு.

தறிநூல்:

கொள்கையைச் செங்காந்தள் சொல்லிவிட்டார். அமர்வை எப்படி நடத்துவது என்பதை நான் சொல்கிறேன். பெண்கள் மட்டும் என்ற குழுக்கள் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பால் கலைந்ததைவிட உள்ளே நடந்த முறைகேட்டால் கலைந்ததே அதிகம் என்பது என் கருத்து.

பதின்மூன்று பேருக்கு 120 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் 5 நிமிடம். ஆளுக்கு 4 நிமிடமாக ஒரு சுற்று, 52. இடைவேளை 10. திறந்த பேச்சு 35. முடிவுகளும் அடுத்த மாதப் பொறுப்புகளும் 10. மீதி 8 நிமிடம் இழுபறிக்கு. அது இல்லாமல் திட்டமிடாதீர்கள், கட்டாயம் தேவைப்படும். பதினைந்து பேரைத் தாண்டினால் சுற்றே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும், அப்போது இரண்டு வட்டமாகப் பிரியுங்கள்.

சுற்றில் ஒரே கேள்வி இருக்க வேண்டும், அதுவும் குறிப்பான கேள்வியாக. ‘ஆணாதிக்கம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் ஆளாளுக்குச் சொற்பொழிவு ஆற்றுவார்கள். ‘கடந்த மாதம் எந்த இடத்தில் சொல்ல வந்ததை விழுங்கினீர்கள்’ என்று கேட்டால் பதில் வரும். குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை கூடாது, ‘எனக்கு இதைவிட மோசம்’ என்பதும் கூடாது. 1960களின் இறுதியில் நியூயார்க் பெண்கள் குழுக்கள் வளர்த்தெடுத்த விழிப்புணர்வு வட்டத்தின் அடிப்படை இது. பலர் மறந்துவிடும் பாதி ஒன்று உண்டு. சுற்று முடிந்ததும் சொன்னவற்றில் பொதுவாக இருப்பது எது, அதன் காரணம் எது, அதில் யாருக்கு லாபம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் பாதிக்குத்தான் 35 நிமிடம். அதை விட்டுவிட்டால் மூன்றாவது மாதம் ‘மனம் லேசானது’ என்பதோடு நின்று, ஐந்தாவது மாதம் ஆள் குறையும்.

ஒரே ஆள் பேசிக்கொண்டிருப்பதைத் தடுக்க தி ஃபெமினிஸ்ட்ஸ் வில்லை (டோக்கன்) முறை ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் வில்லைகள். பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் போட வேண்டும். தீர்ந்தால் அன்றைக்குப் பேச்சும் தீர்ந்தது. முதல் கூட்டத்தில் கால் மணி நேரத்தில் எல்லோருடைய வில்லைகளும் தீர்ந்துவிட்டதாகவும், அடுத்த கூட்டத்தில் அனைவரும் பதுக்கி வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அதில் உள்ள குறை உண்மை: வில்லை எண்ணிக்கையை அளக்கும், நீளத்தை அளக்காது. சுற்றுக்குக் கடிகாரம் வையுங்கள், வில்லையைத் திறந்த பேச்சுக்கு மட்டும் வையுங்கள், ஆளுக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். அரை நேரம் ஆனதும் மீதியிருப்பவர்களை முதலில் கேளுங்கள். கணக்குப்படி 39 வில்லையும் செலவானால் 58 நிமிடத்துக்கு மேல் வரும், 35க்குள் அடங்காதே என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் மூன்றையும் செலவிட மாட்டார்கள். செலவிடும் நிலை வந்தால் இரண்டாகக் குறையுங்கள்.

அதே குழு பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்தது. தட்டச்சும் கூட்டிப் பெருக்குவதும் ஒருவர் தலையிலேயே விழாது என்பது நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் பத்திரிகைகளிடம் யார் பேசுவது என்பதையும் குழுவே முடிவு செய்யும் என்று 1970இல் வந்தபோது அட்கின்சன் விலகினார். எந்த வேலையைக் குலுக்கலாம், எதைத் திறமை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எல்லை முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நேரம் பார்ப்பவர், குறிப்பெடுப்பவர், இடம் ஒழுங்கு செய்பவர் மூவரையும் தயங்காமல் குலுக்கலாம். கணக்கு வைப்பவரைக் குலுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், மாதா மாதம் கணக்கை எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள்.

‘நமக்குள் எதற்குத் தலைமை, எல்லோரும் சமம்தானே’ என்று ஒரு குரல் நிச்சயம் எழும். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் இதற்கு எழுதிய மறுப்பு இன்றும் பழையதாகவில்லை. அமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதப்படாத அமைப்பு உள்ள குழுதான் உண்டு, அங்கே ஏற்கெனவே நட்பாக இருக்கும் மூன்று நான்கு பேர் ஆள்வார்கள், அவர்களை யாரும் பொறுப்பில் வைக்காததால் யாரும் இறக்கவும் முடியாது. பொறுப்பை வாக்கெடுத்துக் கொடுப்பது, கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வைப்பது, அதிகாரத்தைப் பலருக்குப் பரப்புவது, சுழற்சி, தகுதி பார்த்து வேலை, தகவல் எல்லோருக்கும், வளங்கள் எல்லோருக்கும் என்று அவர் சொன்ன ஏழும் உங்கள் விதிகளில் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.

நெய்தல்:

மேலே உள்ள இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஒரு பெரிய ‘ஆனால்’ உண்டு. தனித்து நிற்றல் ஒரு கருவி என்றால் சரி. அதுவே முழு அரசியல் என்றால் கூடாது.

1977 ஏப்ரலில் பாஸ்டனின் கொம்பாகி ரிவர் கலெக்டிவ் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக வைத்தது. அவர்கள் கறுப்பினப் பெண்ணியவாதிகள், தன்பாலீர்ப்புடைய பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆனாலும் பிரிந்து வாழ்வதை அரசியல் வழியாக ஏற்கவில்லை. இனவெறியை எதிர்க்கக் கறுப்பின ஆண்களோடு ஒன்றாக நிற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. வெள்ளையினப் பெண்கள் சொன்ன பிரிவு, அவர்கள் விட்டுவிட முடியாத ஏராளமான மக்களை வெளியே தள்ளியது. அதே சமயம் கறுப்பினப் பெண்கள் மட்டுமே கூடும் இடத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். கூடுவது தனியாக, போராடுவது சேர்ந்து. இரண்டும் முரண் இல்லை.

கறுப்பினப் பாடகியும் செயற்பாட்டாளருமான பெர்னிஸ் ஜான்சன் ரீகன் 1981இல் ஒரு பெண்கள் இசை விழாவில் ஆற்றிய உரையும் இதே திசைதான். கதவைச் சாத்திக்கொண்டு நம்மைப் போன்றவர்களோடு மட்டும் இருக்கும் அறை தேவை, அங்கேதான் தெம்பு கிடைக்கும் என்றார். ஆனால் அந்த அறைக்கு ‘பெண்கள்’ என்று பெயர் வைத்துவிட்டால், எல்லாப் பெண்களும் வந்து நிற்பார்கள், அறை வீடுபோல் இருக்காது, கூட்டணியாக மாறிவிடும். கூட்டணியில் மனம் நோகும், நோகாவிட்டால் அது கூட்டணியே இல்லை என்று பேசினார். உங்கள் பதின்மூன்று பேரும் ஒரே வர்க்கம், ஒரே வயது, ஒரே படிப்பு இல்லை என்றால், உள்ளே வசதியாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘பாதுகாப்பான இடம்’ என்று அறிவித்துவிட்டு, முதல் கருத்து மோதலிலேயே ‘பாதுகாப்பு போய்விட்டது’ என்று விலகுவது அடிக்கடி நடக்கும் விபத்து. ‘இங்கே ஆண்கள் இருக்க மாட்டார்கள், கருத்து வேறுபாடு இருக்கும்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இத்தாலியில் 1975இல் தொடங்கிய மிலன் பெண்கள் புத்தகக் கடைக் குழு இன்னொரு கோணம் தந்தது. பெண்களுக்குள் ஏற்றத்தாழ்வே இல்லை என்று பாசாங்கு செய்வதைவிட, ஒருத்தி இன்னொருத்தியைவிட அதிகம் அறிந்தவள் என்பதை வெளிப்படையாக ஏற்று, அவளிடம் தன்னை ஒப்படைத்துக் கற்பது என்ற உறவை அவர்கள் முன்வைத்தார்கள். ஒப்படைப்பு என்ற சொல் முதலில் நெருடும். ஆனால் பொறாமையும் மறைமுகத் தலைமையும் ஒரு குழுவை அரிப்பதைக் கண்டவர்களுக்கு அதன் பயன் புரியும்.

கார்முகில்:

கலப்புக் குழுக்களில் இருக்கும் ஆண்களில் ஒருவனாகக் கேட்கிறேன். எதிர்ப்பதற்காக அல்ல. இது சட்டப்படி பாகுபாடு ஆகாதா? ஆகாது என்றால், அந்த மாலையில் ஒன்பது ஆண்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஏதாவது உண்டா?

செங்காந்தள்:

கார்முகில், இரண்டாவது கேள்விக்கு முதலில். 1970 பிப்ரவரி இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் பிரிட்டனின் முதல் தேசியப் பெண் விடுதலை மாநாடு நடந்தபோது குழந்தைகள் காப்பகத்தை ஆண்கள் நடத்தினார்கள். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் அதில் ஒருவர். அந்த வேலைக்கு ஆள் வராவிட்டால் பல பெண்களுக்கு ‘பெண்கள் மட்டும்’ என்பது வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும். மூன்று ஆண்கள், தனி அறை, அமர்வு தொடங்க அரை மணி முன்பே தயார். பிள்ளை அழுதால் எப்போது அம்மாவைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டினால் காப்பகம் இருந்தும் பயனில்லை. மற்ற ஆறு பேர் அதே நேரத்தில் அதே பக்கங்களைத் தனியாக வாசித்து, தாங்கள் பேசும் விதத்தைப் பற்றிப் பேசலாம். பெண்கள் வந்து விளக்குவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, இடத்தின் தன்மைக்கும் வேறு. தனிப்பட்ட வாசிப்பு அமர்வுக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. காசு வாங்கிப் பொதுமக்களை அனுமதிக்கும் இடமாக மாறினால் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில், ஹோபார்ட் நகரில் மோனா அருங்காட்சியகம் பெண்கள் மட்டும் நுழையும் கூடம் ஒன்றை வைத்திருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிய ஓர் ஆண் புகார் கொடுக்க, 2024 ஏப்ரலில் தீர்ப்பாயம் ஆண்களையும் விடச் சொன்னது. செப்டம்பரில் டாஸ்மேனிய உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பின்தங்கிய நிலையில் இருக்கும் தரப்புக்குச் சம வாய்ப்பைக் கூட்டும் ஏற்பாட்டுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. பல நாட்டுச் சட்டங்களில் இதுபோன்ற விலக்கு உண்டு, ஆனால் நோக்கத்தைக் காட்ட வேண்டும். அதனால்தான் நோக்கத்தை எழுதி வைப்பது சடங்கு அல்ல.

குறிஞ்சி:

கதவு பற்றி யாரும் இறங்கிப் பேசவில்லை, நான் பேசுகிறேன். வன்முறையிலிருந்து தப்பி வருபவர்களுக்கான புகலிடம், அமைப்பு வேலைக்கான கூட்டம், இசையும் கொண்டாட்டமும் உள்ள விழா ஆகிய மூன்றுக்கும் ஒரே கதவு பொருந்தாது. புகலிடத்தின் முகவரியே ரகசியம். உங்கள் கூட்டத்துக்கு முகவரி ரகசியம் தேவையில்லை, பேச்சு ரகசியம் தேவை. நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால் கதவு விதியில் பாதி தானாக வரும்.

ஒரே இடத்தில் பல அளவுகள் இருக்கலாம் என்பதற்குப் பிரிட்டனின் கிரீனம் காமன் அமைதி முகாமைப் பாருங்கள். 1981 செப்டம்பரில் அணு ஏவுகணைகளுக்கு எதிராகத் தொடங்கியது, 1982 பிப்ரவரியில் பெண்கள் மட்டும் என்று முடிவானது, 2000 வரை நீடித்தது. படைத்தளத்தின் வாயில்களுக்கு நிறங்களின் பெயர். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு முகாம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கம். பச்சை வாயிலில் எந்நேரமும் பெண்கள் மட்டும். மற்ற சிலவற்றில் ஆண்கள் பகலில் வந்து போகலாம். முழு முகாமும் ஒரே விதிக்காக அடித்துக்கொள்ள வேண்டிய தேவை குறைந்தது. நீங்களும் மாத அமர்வைத் தனியாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் விளைவுகளைப் பேசும் அமர்வை எல்லோருக்குமாகவும் வைக்கலாம்.

திருநங்கையர் பற்றி. இதில் மழுப்பினால் பிறகு ஒரு மனிதர் வாசலில் அவமானப்படுவார். மிச்சிகன் பெண்கள் இசை விழா 1976 முதல் 2015 வரை நடந்தது. 1991இல் ஒரு திருநங்கையை விழாவிலிருந்து வெளியேற்றினார்கள். அதன் பிறகு பிறப்பால் பெண்ணானவர்களுக்கே விழா என்ற கொள்கை வெளிப்படையானது, வாயிலுக்கு வெளியே எதிர்ப்பு முகாம் வந்தது, கடைசி ஆண்டுவரை அந்தப் புண் ஆறவில்லை. ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்ற பெண்கள் இசை நிறுவனம் நேர்மாறாக, தன் ஒலிப்பதிவுப் பொறியாளர் சாண்டி ஸ்டோன் திருநங்கை என்பதற்காக எதிர்ப்பு கிளம்பியபோது அவர் பக்கம் நின்றது. என் நிலைப்பாடு: திருநங்கையர் பெண்கள், வாசிப்பு அமர்வில் அவர்களை விலக்கும் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் உயிரியல் பாலினத்தைக் குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆகவே அங்கே சேவை நடத்துபவர்கள் தனியாகச் சட்ட ஆலோசனை பெற வேண்டும். உங்கள் முடிவு எதுவானாலும் அழைப்பிலேயே அச்சிடுங்கள். வாசலில் ஆளைப் பார்த்து மதிப்பிடும் வேலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த வேலை இருக்கும் இடத்தில் குட்டை முடி வைத்த, உயரமான, குரல் தடித்த எல்லாப் பெண்களும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள்.

மகன்கள். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1979இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு இடமில்லை என்ற ஒரு மாநாட்டு விதி, மகனை வளர்க்கும் தாயை என்ன செய்கிறது என்று. வயது வரம்பு வைப்பதானால் அந்த வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு அதே கட்டடத்தில் மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். ஏற்பாடு இல்லாத வரம்பு பையனைத் தடுப்பதில்லை, தாயைத் தடுக்கிறது.

பணம் சுருக்கமாக: பொதுக் குழுவின் நிதியில் உறுப்பினர் விகிதப்படி பங்கு கேளுங்கள், அறையின் சாவி ஒன்று அமர்வின் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். இடமோ நிலமோ வாங்கும் அளவுக்கு வளர்ந்தால் தனி ஆள் பெயரில் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் பெண்கள் நில அறக்கட்டளை 1976இல் 147 ஏக்கர் வாங்கியது. உரிமை அறக்கட்டளையின் பெயரில் இருந்ததால், ஆட்கள் வந்து போனாலும், உறவுகள் முறிந்தாலும் நிலம் விற்கப்படவில்லை.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

‘நோக்கம்: வாசிப்பதைப் பெண்களின் அனுபவத்தோடு வைத்துப் பார்த்து, பொதுக் குழுவில் மாற வேண்டியவற்றை முன்மொழிவது. திருநங்கையர் உட்பட எல்லாப் பெண்களும் வரலாம். மகன்களும் மகள்களும் காப்பகத்தில், கைக்குழந்தைகள் உள்ளே. 120 நிமிடம், சுற்று, திறந்த பேச்சு, முடிவு. நேரம், குறிப்பு, இடம் மூன்றும் குலுக்கல் முறையில். கணக்கு தேர்தல் முறையில். கற்றதை வெளியே சொல்லலாம். யார் சொன்னது என்பதைச் சொல்லக் கூடாது. ஒலிப்பதிவு இல்லை. குறிப்பேட்டில் முடிவுகள் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு அமர்வு. ஆறு மாதம் கழித்து அமர்வு தொடர வேண்டுமா என்று குழு கூடி முடிவு செய்யும்.’

தறிநூல்:

ரகசிய விதியில் ஒரு விலக்கைச் சேருங்கள். ஒருவர் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று. அந்தச் சூழலில் உட்கார்ந்து விவாதிக்க நேரம் இருக்காது. வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே ரகசிய விதி பொருந்தும் என்று எழுதுங்கள், பேச்சு கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். புதிதாக வருபவருக்கு இந்த வரைவை முதல் அமர்வுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

செங்காந்தள்:

கடைசி வரியைத் திருத்துங்கள். ‘குழு கூடி முடிவு செய்யும்’ என்றால் இருபத்திரண்டு பேரும் வாக்களிப்பார்கள், ஒன்பது ஆண்களோடு மூன்று பெண்கள் சேர்ந்தால் அமர்வு முடிந்தது. ‘அமர்வுக்கு வரும் பெண்கள் முடிவு செய்வார்கள், முடிவைப் பொதுக் குழுவுக்குத் தெரிவிப்பார்கள்’ என்று எழுதுங்கள். தறிநூல் சொன்னதையும் சேர்த்துவிட்டால் மற்றவை சரி.